கதவோரத்து மின்பெட்டி

சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்த உட்லண்ட்ஸ் நகரின் ஊடே கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று செல்கிறது. அந்த எல்லை ஒரு நாள்: 1985ஆம் ஆண்டு ஜூலை 1. அந்நாள் முதல் கட்டப்படும் வீடுகளில் மின்கசிவு முறிப்பி என்னும் காவற்கருவி கட்டாயமாயிற்று. அதற்கு முன் எழுந்த வீடுகளுக்கு அக்கட்டாயம் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களில் மார்சிலிங் வட்டாரத்தில் எழுப்பிய அடுக்குமாடிகள் எல்லைக்கு அப்பால் நின்றன. 1996இல் பெருவிரைவு ரயில் வந்து சேர்ந்த காலத்தை ஒட்டி நகரம் விரிந்தபோது எழுந்த அடுக்குமாடிகள் இப்பால் நின்றன. ஒரே மின்வலையிலிருந்து ஒரே அழுத்தத்தில் மின்சாரம் பெறும் இரு குடும்பங்களுள் ஒன்றுக்கு உயிர்க்காவல் உண்டு, மற்றொன்றுக்கு அது உரிமையாளரின் விருப்பம் என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

எரிசக்திச் சந்தை ஆணையம் இந்த இடைவெளியை மூடியது. 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிமுறைகளின்படி, எந்த ஆண்டில் கட்டப்பட்ட வீடாயினும் அதில் மின்கசிவு முறிப்பி இருந்தாக வேண்டும். பழைய வீடுகளுக்கு ஈராண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2025 ஜூலை 1 அன்று முடிந்தது. கழக வீடுகளில் வாழும் சிங்கப்பூரர்களுக்குப் பொருத்தும் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொண்டது. புதிய வீட்டுக்கு வந்த காவல் பழைய வீட்டுக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இச்சட்டம் மிக நல்லது; இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளியலறையில் ஈரக்கையோடு விசையைத் தொடும் முதியவருக்கு, தம் வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பது உயிரை முடிவு செய்யும் செய்தியாக இருந்திருக்கவே கூடாது.

ஆயினும் கருவி சுவரில் ஏறியதோடு வேலை முடிந்துவிடவில்லை. வீட்டார் ‘டிபி’ என்றும் ‘பியூஸ் பாக்ஸ்’ என்றும் அழைக்கும் மின்பகிர்வுப் பெட்டி பெரும்பாலும் வாசற்கதவின் அருகிலோ பொருளறையிலோ தலைக்கு மேல் இருக்கும். அதில் ஒரு விசை விழுந்தால் வீடு இருள்கிறது. நாம் நாற்காலி போட்டு ஏறி, விழுந்ததை மேலே தள்ளிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். மறுபடி விழுந்தால் மறுபடி தள்ளுகிறோம். இந்தப் பழக்கத்தைக் குறித்தே இக்கட்டுரை. அப்பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவியும் ஒருவகைக் கேட்டை மட்டுமே அறியும். எது விழுந்தது, எப்போது விழுந்தது என்று பார்த்தால், வீட்டின் எந்த மூலையில் எத்தகைய கேடு என்பது பாதி விளங்கிவிடும். அதைப் பாராமல் விசையை மட்டும் மேலேற்றுவோர், தமக்குக் கிடைத்த எச்சரிக்கையைத் தம் கையாலேயே அழிக்கிறார்கள்.

இத்தீவுக்கு மின்சாரம் வந்த வரலாறு தமிழர் நன்கறிந்த வட்டாரத்தில் தொடங்குகிறது. 1905இல் ஓடத் தொடங்கிய மின் டிராம் வண்டிகளுக்காக, இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய மெக்கன்சி சாலையில் மின்நிலையம் ஒன்று இயங்கியது. அந்நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிய மின்சாரத்தைக் கொண்டே 1906இல் நகராட்சி தெருவில் மின்விளக்கு ஏற்றியது. 1927இல் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் எழுந்தது. 1963இல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகம் மின்துறையை ஏற்று நடத்தியது. 1995இல் அத்துறை தனி நிறுவனமாகப் பிரிந்து இன்று எஸ்பி குழுமம் என விளங்குகிறது. உட்லண்ட்ஸுக்குக் கிழக்கே, அதே நீரிணையின் கரையில், 1970களில் செனோக்கோ மின்நிலையம் எழுந்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. அது 400 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட், 66 கிலோவோல்ட், 22 கிலோவோல்ட் என நிலத்தடி வடங்களில் படிப்படியாக இறங்கி, 230 வோல்ட் அழுத்தத்தில், நொடிக்கு 50 சுழற்சியோடு நம் வாசலை அடைகிறது. இத்தனை பெரிய ஏற்பாட்டின் கடைசிக் காவல் கதவோரத்து மின்பெட்டி.

அது எதை எதிர்த்துக் காவல் நிற்கிறது? முதலில் வெப்பத்தை. கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடாகிறது. அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் நிறுவினார். ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வீட்டுச் சுவருக்குள் செல்லும் செப்புக் கம்பியைப் போர்த்தியிருக்கும் பிவிசி உறை, நெடுங்காலம் தாங்கும் என்று கொள்ளப்படும் வெப்பநிலை 70 பாகை செல்சியஸ். அதைக் கடந்து நாள்தோறும் சூடேறினால் உறை இறுகும், விறைக்கும், வெடிக்கும். அது சுவருக்குள் நிகழ்வதால் வீட்டார் அறிவதில்லை. ஐந்தாறு ஆண்டு அளவுக்கு மீறிச் சுமையேற்றப்பட்ட கம்பி, ஒரு சாதாரண மாலைப்பொழுதில் தீப்பற்றக்கூடும்.

இவ்வெப்பத்தையே ஆயுதமாக்கி அதை அடக்கும் கருவி உருகி. சுற்றில் ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே மெல்லிய கம்பி ஒன்றை வைத்தால், ஓட்டம் மிகும்போது அதுவே முதலில் சூடேறி உருகி அறும். எஞ்சிய கம்பி பிழைக்கும். எடிசன் தம் மின்விளக்கு ஏற்பாட்டுக்காக 1880இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பீங்கான் பிடிக்குள் கம்பியைத் திருகிப் பொருத்தும் பழைய உருகிகளைத் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். மார்சிலிங் போன்ற வட்டாரங்களின் பழைய வீடுகளிலும் அவை இருந்தன. ஈயம் பூசிய செப்புக் கம்பி 0.5 மில்லிமீட்டர் தடிப்பில் இருந்தால் அது 15 ஆம்பியர் உருகி, 0.85 மில்லிமீட்டர் இருந்தால் 30 ஆம்பியர் உருகி. இரண்டுக்கும் இடையே மயிரிழை அளவு வேறுபாடுதான். ஆனால் முன்னதன் இடத்தில் பின்னதைத் திருகினால், சுவருக்குள் இருக்கும் கம்பி நான்கு மடங்கு வெப்பத்தைச் சுமக்கும்வரை உருகி வாளாவிருக்கும். பழைய உருகியின் பெருங்குறை இதுவே: அதன் பாதுகாப்பு, பழுது பார்த்தவரின் கையிருப்பில் அன்று எந்தக் கம்பி இருந்தது என்பதைப் பொறுத்தது. உருகி அடிக்கடி போகிறது என்று சலித்து, கையில் கிடைத்த கம்பியைச் சுற்றிவைத்த வீடுகள் எத்தனையோ. அத்தகைய பெட்டி இன்றும் எவர் வீட்டிலேனும் இருந்தால், அதனை மாற்றுவதற்கு வேறு காரணம் எதுவும் தேடவேண்டியதில்லை.

இக்குறையை நீக்கியது சுற்று முறிப்பி. கடைக்காரரும் மின்பணியாளரும் எம்சிபி என்பார்கள். ஜொகூரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் திறக்கப்பட்ட அதே 1924ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் அதனை உருவாக்கியது. அதனுள் இரண்டு புலன்கள் உள்ளன. ஒன்று, வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு. மிகைச்சுமை நீடித்தால் அது மெல்ல வளைந்து பூட்டைத் தட்டிவிடும். மற்றொன்று கம்பிச்சுருள், குறுக்குச்சுற்று நேர்ந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது அது காந்தமாகி நொடியின் நூற்றிலொரு பங்குக்குள் பூட்டை இழுத்துவிடும். எனவே நேரமே ஒரு சான்று. கருவியைச் செருகிய கணமே ‘டப்’ என்று விழுந்தால் அது குறுக்குச்சுற்று. அக்கருவியோ அதன் கம்பியோ கெட்டிருக்கிறது. இருபது நிமிடம் ஓடியபின் விழுந்தால் அது மிகைச்சுமை; ஒரே சுற்றில் பல கருவிகள் இழுக்கின்றன.

முறிப்பியின் மேல் எழுதிய எண்ணை மக்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 21 ஆம்பியரில் விழுந்துவிடும் என்பதில்லை. பன்னாட்டுத் தரத்தின்படி, எழுதிய அளவின் 1.13 மடங்கில், அதாவது 22.6 ஆம்பியரில், அது ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில், அதாவது 29 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஆகவே மிகைச்சுமைக்காக முறிப்பி விழுகிறது என்றால், எல்லை சற்றே தாண்டியதற்கு அன்று, நன்றாகவே தாண்டியிருக்கிறது. அப்போது 20 ஆம்பியர் முறிப்பியைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் முறிப்பியைப் போடச் சொல்வது, பழைய உருகியில் தடித்த கம்பியைச் சுற்றிய அதே பிழை. முறிப்பியின் அளவு கம்பியின் தடிப்புக்கு ஏற்றது. வீட்டாரின் தேவைக்கு ஏற்றதன்று.

மிகைச்சுமை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் சுவருக்கு வெளியே, நீட்டிப்புப் பலகையில் பிறக்கிறது. சிங்கப்பூரின் சதுர முள் செருகி 13 ஆம்பியர் உருகியைத் தன் வயிற்றில் கொண்டது. 2,000 வாட் கொதிகெண்டி ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே அளவு இஸ்திரிப் பெட்டியும் அவ்வாறே. 1,500 வாட் மின்னடுப்பு 6.5 ஆம்பியர். மூன்றும் ஒரே பலகையில் ஒருசேர இயங்கினால் 24 ஆம்பியர். செருகியின் உருகி உடனே அறுந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. 13 ஆம்பியர் உருகி 20 ஆம்பியரை அரைமணி நேரம் தாங்குமாறே வடிவமைக்கப்பட்டது. அதற்குள் பலகையும் செருகியும் இளகும்.

தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரும் கருவிகளைத் தனியே சொல்லவேண்டும். கோயம்புத்தூர் மாவரைக்கும் இயந்திரமும் மிக்சியும் இங்குள்ள தமிழர் வீடுகளில் பெருமையோடு இடம்பெறுகின்றன. மின்னழுத்தம் இரு நாட்டிலும் ஒன்றே என்பதால் அவை நன்றாகவே ஓடும். சிக்கல் செருகியில் இருக்கிறது. அவற்றின் உருளை முள்கள் இங்குள்ள சதுரத் துளையில் பொருந்தா. நிலத்தொடர்புத் துளையில் பேனாவையோ கரண்டிக் காம்பையோ விட்டுத் தடுப்பைத் திறந்து, இருமுள் செருகியைத் திணிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இதனால் மூன்று காவல்கள் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன: செருகிக்குள் இருக்கவேண்டிய உருகி இல்லை, உலோக உடலுக்கு நிலத்தொடர்பு இல்லை, முள்ளுக்கும் துளைக்கும் இறுக்கமான தொடர்பு இல்லை. மாவும் நீருமாகக் கைபடும் இயந்திரத்துக்கு நிலத்தொடர்பு இல்லாமலிருப்பது எத்தகைய ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. செருகியை முறையாக மாற்றித்தர மின்பணியாளருக்குச் சில நிமிடங்களே ஆகும்.

இதுவரை சொன்ன உருகியும் சுற்று முறிப்பியும் கம்பியைக் காப்பவை. மனிதரைக் காப்பதற்காக அவை பிறக்கவில்லை. ஈரமான தோலோடு ஒருவர் மின்கம்பியைத் தொட்டு, அவர் உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். 20 ஆம்பியர் முறிப்பிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அறையிலுள்ள சிறு விளக்குகளின் நுகர்வுக்கும் மனித உடலில் பாயும் இந்த ஓட்டத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மனித உடலுக்கோ ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கே கணக்கு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களைக் கொண்டு ஆராய்ந்து, பிடித்த கம்பியைத் தாமே விடக்கூடிய மிகுதியான ஓட்டம் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் கைத்தசைகள் இறுகிவிடும். விட நினைத்தாலும் கை விடாது. 50 மில்லியாம்பியருக்கு மேல் ஒரு நொடியைக் கடந்து மார்பின் வழியே பாய்ந்தால் இதயம் தாளம் தவறித் துடிக்கத் தொடங்கலாம். 230 மில்லியாம்பியர் அதனைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இந்தப் பெருவெளியை நிரப்பவே மின்கசிவு முறிப்பி பிறந்தது. ஆர்சிசிபி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். 1950களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நேர்ந்த மின்சாவுகளைத் தடுக்க ஹென்றி ரூபின் இதன் முன்னோடியை அமைத்தார். ஆஸ்திரியாவில் காட்ஃபிரீட் பீகல்மையரும், பின்னர் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டால்சியலும் தத்தம் வழியில் அதை மேம்படுத்தினர். அதன் செயல்முறை எளிமையானது, அழகானது. வீட்டுக்குள் செல்லும் மின்கம்பியும் வெளியே திரும்பும் நடுநிலைக் கம்பியும் ஒரே இரும்பு வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. போன ஓட்டம் முழுவதும் திரும்பினால், இரண்டும் எழுப்பும் காந்தப்புலங்கள் எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வளையம் உறங்கும். ஒரு சிறு பகுதி மனித உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ நிலத்துக்குப் போய்விட்டால், திரும்பும் ஓட்டம் குறையும், சமநிலை குலையும், வளையத்தில் எஞ்சிய காந்தப்புலம் ஒரு துணைச்சுருளில் மின்தூண்டலை எழுப்பிப் பூட்டை விடுவிக்கும். வீடுகளுக்குரிய முறிப்பி 30 மில்லியாம்பியர் கசிவில் 0.3 நொடிக்குள் சுற்றை அறுத்தாக வேண்டும். கசிவு ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள். அது வேலை செய்யும்போதும் தொட்டவருக்கு அதிர்ச்சி உண்டு, வலி உண்டு. இதயம் தாளம் தவறுமுன் மின்சாரம் போய்விடும் என்பதே அது தரும் வரம்.

அதன் முகத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், உள்ளே ஒரு மின்தடை வழியாகச் சிறு ஓட்டம் வளையத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு பொய்க் கசிவை உண்டாக்கும், முறிப்பி விழவேண்டும். எரிசக்திச் சந்தை ஆணையம் இதை மாதம் ஒருமுறை செய்யச் சொல்கிறது. காரணம் பொறியியல் சார்ந்தது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் பூட்டின் மசகு இறுகிவிடும், நெம்புகோல் ஒட்டிக்கொள்ளும், உண்மையான கசிவு வரும் நாளில் அது விழாமல் போகலாம். மாதந்தோறும் விழுந்து எழும் முறிப்பி அவ்வாறு உறைந்துபோவதில்லை. கணினியையும் குளிர்பதனப் பெட்டியையும் முன்னரே நிறுத்திவிட்டு அழுத்தினால் போதும். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மின்பணியாளரை அழைக்க வேண்டும். இந்தச் சோதனை முறிப்பியின் பொறிமுறையை மட்டுமே காட்டும். வீட்டின் நிலத்தொடர்புக் கம்பி அறுந்திருந்தால் அது தெரியாது என்பதையும் நினைவில் கொள்க.

மின்கசிவு முறிப்பிக்கும் குருட்டுப்புள்ளி உண்டு. ஒருவர் ஒரு கையால் மின்கம்பியையும் மறுகையால் நடுநிலைக் கம்பியையும் பிடித்தால், அவர் உடல் வழியே போன ஓட்டம் முழுவதும் திரும்பிவிடுகிறது. வளையத்துக்கு அவர் ஒரு கொதிகெண்டியாகவே தோன்றுவார்.

ஆனால் மூன்று காவலர்களும் காணாத கேடுகளுள் மிகக் கொடியது வேறொன்று: தளர்ந்த இணைப்பு. திருகாணி ஒன்று சற்றே தளர்ந்திருக்கிறது, அல்லது செருகித்துளையின் உலோக நாக்கு பல ஆண்டுப் பயனால் விரிந்திருக்கிறது. செம்பும் செம்பும் முழுப்பரப்பில் தொடாமல் ஒரு புள்ளியில் தொடுகின்றன. அப்புள்ளியில் தடை வெறும் 0.2 ஓம் என்று கொள்வோம். 13 ஆம்பியர் பாயும்போது அங்கே எழும் வெப்பம், இருமடி விதியின்படி, ஏறத்தாழ 34 வாட். அது மின்னணுக் கடைக்காரர் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலின் திறன். அந்தக் கோல் நெகிழிப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் அணையாமல் கிடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். சூட்டால் செம்பின் மேல் ஆக்சைடு படரும். ஆக்சைடால் தடை மிகும். தடையால் சூடு மேலும் மிகும். ஒவ்வொரு முறை கருவியை நிறுத்தும்போதும் உலோகம் சுருங்கி, இயக்கும்போது விரிந்து, திருகாணி இன்னும் தளரும். இத்தனைக்கும் சுற்றில் பாய்வது அளவான ஓட்டமே. சுற்று முறிப்பி மிகைச்சுமை காணாது. போன ஓட்டம் முழுதும் திரும்புவதால் மின்கசிவு முறிப்பியும் கசிவு காணாது. பெட்டி முழுவதும் நலமாகவே நிற்கும். சுவருக்குள் நெகிழி கருகும்.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் ஆண்டுக் கணக்குகளில், வீட்டுத் தீச்சம்பவங்களுக்குக் கவனிப்பாரின்றி விடப்பட்ட சமையலை அடுத்து மின்சாரம் சார்ந்த காரணங்களே முன்னிற்கின்றன. ஆகையால் தளர்ந்த இணைப்பை அறியும் புலன்கள் நம்முடையவையாகவே இருக்கவேண்டும். செருகித்துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா? செருகியைப் பிடுங்கும்போது முள் சுடுகிறதா? விசைக்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரமோ பொரியும் ஒலியோ வருகிறதா? ஒரு கருவியை இயக்கும்போது மட்டும் விளக்கு மங்குகிறதா? சமைக்காத நேரத்தில் அறையில் மீன் கவிச்சி போன்ற நாற்றம் வீசுகிறதா? சிலவகை மின்சாதன நெகிழிகள் சூடேறும்போது அப்படித்தான் நாறும். இவற்றுள் ஒன்று இருந்தாலும் அந்தச் சுற்றின் முறிப்பியை இறக்கிவிட்டு அப்படியே விட்டுவைத்து, மின்பணியாளரை அழைக்க வேண்டும். பெட்டி விழவில்லையே என்று காத்திருப்பது பெருந்தவறு. இந்த ஒரு செய்தியையாவது வாசகர் எடுத்துச் செல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி, பெட்டி விழுந்த இரவுக்கு வருவோம். முதலில் தாழ்வாரத்தைப் பார்க்க வேண்டும். அண்டை வீடுகளும் இருண்டிருந்தால் கோளாறு வெளியே. எஸ்பி குழுமத்தின் இருபத்து நான்கு மணி நேர எண்ணான 1800-778-8888ஐ அழைத்தால் போதும். நம் வீடு மட்டும் இருண்டிருந்தால், உலர்ந்த கையோடு, உலர்ந்த தரையில் நின்று, எந்த விசை விழுந்தது என்று பார்க்க வேண்டும். மின்கசிவு முறிப்பி விழுந்திருந்தால், சுற்று முறிப்பிகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அதை மேலே ஏற்ற வேண்டும். அது நின்றால், சுற்று முறிப்பிகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது மீண்டும் விழுகிறதோ, கசிவு அந்தச் சுற்றில். அச்சுற்றிலுள்ள செருகிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுமுறை ஏற்றினால் நிற்கிறதா? நின்றால் குற்றம் பிடுங்கிய கருவிகளுள் ஒன்றில். கொதிகெண்டி, சலவை இயந்திரம், பழைய குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை முதலில் ஐயுறலாம்; வெப்பக் கம்பிக்குள் ஈரம் புகுவது இந்த ஈரப்பதம் மிகுந்த தீவில் வழக்கம். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் குற்றம் சுவருக்குள். அத்தோடு வீட்டாரின் வேலை முடிந்தது. அந்தச் சுற்று இறங்கியே இருக்கட்டும்.

சில வேளைகளில் எல்லாச் சுற்று முறிப்பிகளையும் இறக்கிய பின்னும் மின்கசிவு முறிப்பி நிற்காது. கருவி கெட்டுவிட்டது என்று பலர் உடனே முடிவு கட்டிப் புதியது வாங்கிவிடுகிறார்கள். புதியதும் விழும்போது திகைக்கிறார்கள். வீட்டுப் பெட்டியிலுள்ள சுற்று முறிப்பிகள் பெரும்பாலும் ஒற்றைமுனை வகை. அவை மின்கம்பியை மட்டுமே அறுக்கும், நடுநிலைக் கம்பி இணைந்தே இருக்கும். எங்கோ நடுநிலைக் கம்பி நிலத்தொடர்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், எல்லாம் இறங்கிய நிலையிலும் கசிவு தொடரலாம். இதைக் கண்டுபிடிக்கக் காப்புத்தடை அளக்கும் கருவியும் அதைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். கருத்த இடிமேகம் திரண்ட மாலையில் ஒருமுறை விழுந்து, ஏற்றியதும் நின்று, அப்பால் விழாமலிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. இடிமின்னல் மிகுந்த இந்நாட்டில் அது நேரும். மழையின்றி, காரணமின்றி, வாரத்தில் இருமுறை விழுந்தால் அது வளர்ந்துவரும் கசிவு.

வீட்டாரின் கைக்கும் மின்பணியாளரின் கைக்கும் இடையிலான எல்லை அப்பெட்டியின் மேல்மூடி. விசைகளை ஏற்றலாம், இறக்கலாம், பொத்தானை அழுத்தலாம். மூடியின் திருகாணியைத் தொடக்கூடாது. முதன்மை விசையை இறக்கிய பின்னும், அதற்கு வந்துசேரும் கம்பிமுனையில் 230 வோல்ட் உயிரோடு இருக்கிறது. அதனை நிறுத்தும் இடம் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்து மின் அடைப்பறையில், எஸ்பி குழுமம் முத்திரையிட்ட பகுதியில் உள்ளது. சிங்கப்பூரில் உரிமமின்றி மின்பணி செய்வது குற்றம். ஆணையம் மூவகை உரிமம் வழங்குகிறது: மின்பணியாளர், மின்தொழில்நுட்பர், மின்பொறியாளர். முதல் வகையினர் 45 கிலோவோல்ட்-ஆம்பியர் வரையிலான நிறுவல்களைக் கையாளலாம். கழக வீட்டின் 40 ஆம்பியர் முதன்மை இணைப்பு 9.2 கிலோவோல்ட்-ஆம்பியர்தான் என்பதால், வீட்டு வேலைக்கு அவ்வுரிமமே போதும். வருபவரின் உரிமத்தைப் பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆணையத்தின் இணையப் பட்டியலிலும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வேலைகளுக்கு ஒருபோதும் சிக்கனம் பார்க்கக்கூடாது. குளியலறை வெந்நீர்க் கருவி அவற்றுள் முதலாவது. அதனை மூன்றுமுள் செருகியில் மாட்டி ஓட்டுவது தவறு; மின்கம்பி, நடுநிலைக் கம்பி இரண்டையும் அறுக்கும் இருமுனை விசையோடு நேரடியாக, தனிச் சுற்றில் இணைக்கப்பட வேண்டும். இரண்டாவது, பழைய வீட்டில் புதிய குளிரூட்டி. பழைய கழக வீடுகளின் முதன்மை இணைப்பு 30 ஆம்பியர். அதாவது வீடு முழுமைக்கும் 6.9 கிலோவோல்ட்-ஆம்பியர். இரண்டு மூன்று அறைகளுக்குக் குளிரூட்டி, உடன் வெந்நீர்க் கருவி, மின்னடுப்பு என்று சேர்க்குமுன், மின்பணியாளரை வைத்துச் சுமையைக் கணக்கிட்டு, வேண்டுமானால் இணைப்பை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

எவரேனும் மின்னதிர்ச்சியில் சிக்கிக் கம்பியைப் பிடித்தவாறு நின்றால் அவரைத் தொடாதீர்கள், தொட்டவரும் சிக்குவார். ஓடிப்போய் முதன்மை விசையை இறக்குங்கள். பின்பு 995ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால், அழைப்பை எடுப்பவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இதற்காகவே பெட்டியின் முன் செருப்பு அடுக்கும் அலமாரியையோ பழைய செய்தித்தாள் கட்டையோ வைக்கக்கூடாது. பெட்டி எங்கே இருக்கிறது, முதன்மை விசை எது என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மின்பணியாளர் வேலை முடித்ததும், விளக்கு எரிகிறது என்ற அளவில் அவரை அனுப்பிவிடாதீர்கள். காப்புத்தடையை 500 வோல்ட்டில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அது ஒரு மெகாஓமுக்குக் குறையக்கூடாது. மின்கசிவு முறிப்பி எத்தனை மில்லிநொடியில் அறுத்தது என்று கருவியால் அளக்கச் சொல்லுங்கள். 300க்குள் இருக்க வேண்டும். இரண்டு எண்களையும் நாளோடு எழுதி வாங்கிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த முறை வருபவர் அவற்றோடு ஒப்பிட்டால், கம்பி எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று அறிவார். ஒவ்வொரு சுற்று முறிப்பிக்கும் கீழே அது எந்த அறைக்குரியது என்பதையும் அவரைக் கொண்டே சோதித்து, வீட்டுப் பெரியவர்கள் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டிவிடுங்கள்: சமையலறை, குளியலறை, முன்னறை, பெரிய படுக்கையறை.